முள் மாட்டிய சொல்

மாசி 3, செவ்வாய்

பனி. வெயில் வந்த பிறகுதான் கோவில்பதாகை ரோடு தெரிந்தது. (நான் சொல்ல, மருமகள் எழுதுகிறாள்.)

ரிக்கார்டு பிளேயரைப் பிரித்தாயிற்று. போன வாரம் பக்கத்து வீட்டு முனுசாமி மகள் செல்விக்கு நிச்சயதார்த்தம். என் மைக் செட்டுதான். பாரிவாக்கத்திலிருந்து மாப்பிள்ளையின் அம்மா பந்தலுக்குள் கால் வைக்கிற நேரம், பாட்டுத் தட்டில் முள் மாட்டிக்கொண்டது. ‘வேண்டாம், வேண்டாம், வேண்டாம்’. நான் ஓடிப்போய் முள் இருக்கும் கையைத் தூக்குவதற்குள் தெருவே கேட்டுவிட்டது. அந்த அம்மாள் தாம்பாளத்தைத் தொடவில்லை. திரும்பிவிட்டாள்.

முனுசாமி காலையில் வந்தான்.

“அண்ணாத்தே, அந்தம்மா வெள்ளிக்கெழம வருது. அதே பாட்டுத் தட்டு, அதே எடம், நிக்காம பாடினா கல்யாணம். இல்லாங்காட்டி இல்லியாம்.”

“தட்டுக்கும் பொண்ணுக்கும் இன்னாடா?”

“அத்த அந்தம்மாவாண்ட கேளு.”

செல்விக்குத் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் மோட்டாருக்குக் காயில் சுற்றும் வேலை. கல்யாணம் ஆனதும் வேலையை விட்டு நின்றுவிட வேண்டும் என்பது மாப்பிள்ளை வீட்டுப் பேச்சு.

மாசி 4, புதன்

கை திரும்புகிற இடத்தில் பழைய கிரீஸ், ஆறிப்போன வெல்லப்பாகு மாதிரி. முள் உள்ளே நகர முடியாமல் அதே வரிக்குத் திரும்பியிருக்கிறது. மண்ணெண்ணெயில் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. இப்போது ரொம்ப லேசு. தட்டின் மேல் சறுக்கிக்கொண்டு போகிறது. கையின் பின்பக்கம் இருக்கும் எடைக் குண்டை நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன். கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்கி வைத்தால், பெட்டியே சாய்வு. ஒரு காலுக்கு அட்டை மடித்து வைத்தேன்.

மச்சான் தனபால் வேடிக்கை பார்த்துக்கொண்டே, “முள்ளு மேல அஞ்சு பைசா வை மாமே. கம்முனு ஓடும்.”

ஓடும். தட்டு தேய்ந்துபோகும். “உன் தலையில வை” என்றேன்.

மதியம் கருவாட்டுக் குழம்பு. உப்பு அதிகம்.

மாசி 6, வெள்ளி

வந்தாள். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. பிளேயர் பக்கத்திலேயே நின்றாள். முள்ளை வைத்தேன். முனுசாமி கண்ணை மூடிக்கொண்டான். அந்த இடம் வந்தது. ‘பூ வேண்டாமா, பொட்டு வேண்டாமா’ என்று நிற்காமல் போயிற்று.

“இன்னாது? வேண்டாமான்னா கேக்குறா?”

“ஆமாம்மா. அன்னிக்கு அந்தக் கடைசி ‘மா’ முழுசா வர்றதுக்குள்ள முள்ளு திரும்பிக்கிச்சு.”

“இன்னொரு தபா போடு.”

போட்டேன். சிரித்துவிட்டாள். “இதுக்கா நான் சோறு எறங்காம கெடந்தேன்? சம்மந்தி, உங்க ஊட்ல காபி கீபி கீதா, இல்லியா?”

இந்த மாசமே நாள் பார்க்கிறார்கள். முனுசாமி என் கையை விடவே இல்லை.

மாசி 7, சனி

பனி குறைவு. டீ வாங்கப் போனேன். பஸ் ஸ்டாப்பில் செல்வி, டிபன் டப்பாவோடு.

“பெரிப்பா, யாரு உன்ன அத்த சரி பண்ணச் சொன்னா?”

“உங்க நைனாதான்.”

“என்னாண்ட ஒரு வார்த்த கேட்டியா?”

பஸ் வந்தது. ஏறிவிட்டாள்.