அம்மா மட்டும் வருகிறாள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். நாளை மறுநாள் ஆபரேஷனை வைத்துக்கொண்டிருக்கும் பெண்ணைப் பதற வைக்கக் கூடாதுதான். ஆனால் நாளைக் காலை அங்கே அம்மா மட்டும் வந்து இறங்குவாள். அப்பா இந்தத் தடவையும் வர மறுத்துவிட்டார் என்று நீ ஒரு நிமிடம்கூட நினைத்துவிடக் கூடாது. அதனால்தான் விமான நிலையத்து நாற்காலியிலேயே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். முடித்ததும் படம் பிடித்து அனுப்பிவிடுவேன்.

காலை ஆறு மணிக்கே பெட்டிகளோடு கவுண்டரில் நின்றோம். அங்கிருந்த பெண் அம்மாவின் பாஸ்போர்ட்டைப் பார்த்துச் சரி என்றாள். என்னுடையதை மட்டும் இரண்டு தடவை புரட்டிவிட்டு, டிரான்சிட் விசா எங்கே என்று கேட்டாள். நீ இருக்கும் நாட்டு விசாவைக் காட்டினேன். அது போய்ச் சேரும் இடத்துக்கு, நடுவில் விமானம் மாறும் நாட்டுக்கு எங்கே என்றாள். ஊருக்குள் போகப்போவதில்லை, இறங்கி ஏறுவதோடு சரி என்று விளக்கினேன். அவள் பொறுமையாகத்தான் பதில் சொன்னாள்.

"ஒரே கட்டடத்துக்குள்ள மாறினா விசா வேண்டாம் சார். நீங்க இறங்கறது ஒரு டெர்மினல், ஏறுறது வேற டெர்மினல். நடுவுல இமிக்ரேஷன் தாண்டி வெளிய வந்துதான் ஆகணும்."

அம்மாவுக்கு மட்டும் எப்படிச் சரியாகும் என்று கேட்டேன். அம்மாவிடம் அந்த நாட்டு ஐந்து வருட விசா இருக்கிறது, இன்னும் நான்கு மாதம் செல்லும் என்றாள்.

எந்த விசா என்று உனக்குத் தெரியும். நீ அங்கே வேலையில் இருந்தபோது, உன் கல்யாணத்துக்கென்று அம்மா எடுத்தது. எனக்கும் சேர்த்து அவளே விண்ணப்பம் நிரப்பி வைத்திருந்தாள். அந்தக் கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று கையெழுத்துப் போட மறுத்தவன் நான்தான்.

பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பது வருடம் கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்து, ஒரு தாள் குறைகிறது, நாளைக்கு வாருங்கள் என்று எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருப்பேன். இன்று வெளியே நின்று கெஞ்சினேன். மேலதிகாரியைக் கூப்பிட்டார்கள். அவரும் அதையேதான் சொன்னார். கவுண்டர் மூட இருபது நிமிடம் இருந்தது. அம்மாதான் என் தோளைத் தொட்டாள்.

"ரெண்டு பேரும் நின்னுட்டா அவளுக்கு யாரு? நான் போறேன். எங்க திரும்பணும்னு மட்டும் எழுதிக் குடுங்க."

அங்கேயே தரையில் பெட்டிகளைத் திறந்தோம். குழந்தைத் துணிகளும் அம்மாவின் சர்க்கரை மாத்திரைகளும் என் பெட்டியில் இருந்தன. அவற்றை அவள் பெட்டிக்கு மாற்றி, என் சட்டைகளை வெளியே எடுத்தோம். வரிசையில் இருந்தவர்கள் சுற்றிப் போனார்கள். டிக்கெட்டின் பின்பக்கம் தமிழில் வழி எழுதினேன். யாரிடமாவது காட்டுவதற்கு ஆங்கிலத்தில் இரண்டு வரி. மூன்றரை மணி நேர இடைவெளியில் அவள் வெளியே வந்து, பேருந்து பிடித்து, அடுத்த டெர்மினலைக் கண்டுபிடிக்க வேண்டும். போன தடவை வெளியே நீ நின்றாய்.

நம் நேரம் ஒரு மணிக்கு அங்கே இறங்கிவிட்டதாக விமானக் கம்பெனியின் தளம் போனில் காட்டியது. இப்போது மூன்று. அம்மாவிடமிருந்து அழைப்பு இல்லை. வைஃபை போடக் கற்றுக்கொடுத்துத்தான் அனுப்பினேன். நான்கரைக்கு அடுத்த விமானம். கவுண்டரில் கேட்டால், பயணிகளைப் பற்றிச் சொல்ல முடியாது என்கிறார்கள். போனையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மணி ஐந்தாகிறது. நாலேகாலுக்கு யாரோ ஒரு பெண்ணின் போனிலிருந்து அம்மா பேசினாள். ஏறி உட்கார்ந்துவிட்டாளாம். இமிக்ரேஷனில் தனியாகக் கூட்டிப்போய் ஒரு மணி நேரம் உட்கார வைத்திருக்கிறார்கள். டிக்கெட்டில் இரண்டு பெயர், ஆள் ஒன்று, அதுதான் சந்தேகம். பேருந்தில் இந்தப் பெண்தான் கூடவே வந்து வழி காட்டினாளாம். அவசரமாகப் பேசினாள். அதில் ஒன்று மட்டும் காதிலேயே நிற்கிறது.

"போன தடவை யாரோட வந்தீங்கன்னு அந்த ஆபீசர் கேட்டாருங்க. தனியா, அலோன்னு சொன்னேன். அது ஒண்ணுதான் திருப்பிக் கேக்காமலே புரிஞ்ச கேள்வி."

அவள் குத்திக்காட்டச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். அதற்குள் போனை அணைக்கச் சொல்லிவிட்டார்கள்.

நான் வீட்டுக்குப் போகவில்லை. காலையில் திருப்பி அனுப்பிய அதே பெண்ணிடம் போய் நின்றேன். டிரான்சிட் விசாவுக்குப் பத்து வேலை நாள் ஆகும், அதற்குக் காத்திருக்க வேண்டாம் என்று வேறு வழி தேடிக் கொடுத்தாள். இறங்குவதும் ஏறுவதும் ஒரே கட்டடம்தானா என்று மூன்று தடவை கேட்டுக்கொண்டேன். ஆறு நாள் கழித்து இடம் இருக்கிறது. குழந்தை பிறந்து ஐந்து நாள் கழித்துத்தான் வந்து சேருவேன். பிறக்கும்போது அருகில் இருக்க நினைத்தேன். இனி என்ன செய்வது.

அம்மா வந்ததும் முதலில் மாத்திரை போடச் சொல். அவள் அழுதால் அழ விடு. நீ அழாதே, தையலுக்கு ஆகாது என்பார்கள். நல்லபடியாகப் பெற்றெடு, தாயே.

இன்னொன்று. நான் வரும் அன்று வேறு யாரையும் அனுப்ப வேண்டாம். மாப்பிள்ளைக்கு அன்று வேறு வேலை இல்லையென்றால், அவரே வந்து என்னை அழைத்துப்போக வேண்டும் என்று நான் கேட்டதாகச் சொல்வாயா?

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அப்பா