ஃபேக்டரிப் பக்கத்து ஒயர்

மே 4, திங்கள்

காலையில் பனிமூட்டம், பிறகு நல்ல வெயில், சாயங்காலம் கொஞ்சம் இடி மழை. வைஃபையின் இரண்டாவது கன்ட்ரோலர் ஃபேக்டரி ஆபீஸில் மாட்டியாயிற்று. முதலாவது பங்களா ஆபீஸில், என் மேசைக்குப் பின்னால். எஸ்டேட் வைஃபை முழுவதையும் ஒன்று நடத்தும். அது படுத்தால் மற்றது அந்த நொடியே எடுத்துக்கொள்ளும். "இருக்கிறாயா" என்று ஒன்றையொன்று விசாரிக்க, நடுவில் தேயிலைச் செடிகளுக்கு மேலே ஒரு நீள ஒயர். வெள்ளிக்கிழமை கோயம்புத்தூர் ஹெட் ஆபீஸ் ஆட்கள் முன்னால் சோதனை. சொதப்பினால் என் வேலை என்னிடம் இருக்காது.

சாயங்காலம் அந்த ஒயர் இணைப்பு போயிற்று. இரண்டு பெட்டியும் மற்றது செத்துவிட்டதென்று முடிவுகட்டி, இரண்டுமே முதலாளி ஆகிவிட்டன. கொழுந்து எடை போடும் மெஷின் திணறல். வரிசையில் நின்ற பெண்கள் என்னைத் திட்டியது பங்களா வரை கேட்டிருக்கும். கொஞ்ச நேரத்தில் தானே சரியாயிற்று. தானே? ஒயர் தானே கழன்று தானே மாட்டிக்கொள்ளுமா?

அப்போது ஃபேக்டரியில் இருந்தது ஃபாசில். (இனி ஃபா. முழுப்பெயர் எழுதவே எரிச்சல்.) ஊட்டி பஜார்க்காரர், எனக்கு உதவி என்று புதிதாக வந்தவர். சேர்த்த அன்று மேனேஜர் சொன்னது: "உங்களுக்கு லீவு கீவு வேணும்னா ஒரு ஆளு ரெடியா இருக்கோணுமில்லீங்க?" நான் லீவே கேட்டதில்லை.

வாங்க: முட்டை, டேப், தலைவலி மாத்திரை.

மே 5, செவ்வாய்

மதியம் வரை பளிச். அப்புறம் மேகம், இடி, மழை. மறுபடி அதே கதை. ஃபா. ஃபேக்டரிக்குப் போவதும் மதியத்துக்கு மேல்தான். கேட்டேன்.

"ஒயரு லூஸா இருக்குதுங்க மேடம். நான் பாத்துக்கறேன்."

முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. அதோடு விட்டாரா? மேனேஜர் இருக்கும்போதே, "ஃபைபர் போட்டுட்டா நல்லதுங்க, மின்னல் ஏறாது" என்கிறார். கண்ணாடி இழை எதற்கு, சாதாரண செம்பு ஒயரே போதும் என்றது நான். யாரை மட்டம் தட்டுகிறார் என்று புரியாத மக்கா நான்?

வீட்டில் கணவரிடம் புலம்பினேன். "உனக்குப் பால்காரர் மேலயே சந்தேகம்" என்று டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டார். பால்காரர் தண்ணீர் கலப்பது உண்மை.

மே 6, புதன்

குளிர். ஸ்வெட்டர் இன்னும் காயவில்லை. மேனேஜருக்கு மெயில். எழுதி எழுதி அழித்து, கடைசியில் நேரடியாக: ஒயரை ஃபாசில் வேண்டுமென்றே கழற்றுகிறார் என்று சந்தேகிக்கிறேன். அனுப்பியதும் நிம்மதி. பொய் எதற்கு, சந்தோஷம்.

மாலை மேனேஜர் ஃபோன். "கூப்புட்டுக் கேட்டேனுங்க. நான்தான் கழட்டுனேன்னு ஒத்துக்கிட்டாரு. ஏன்னு கேட்டா வாயத் தொறக்கல. நாளையிலிருந்து வரவேண்டாம்னுட்டேன்."

ஜெயித்தாயிற்று. ஆனாலும் உறுத்தல். கள்ளம் உள்ளவன் இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வானா? இதிலும் ஏதோ தந்திரம்.

மே 7, வியாழன்

ஃபா. இல்லை. ஃபேக்டரிப் பக்கம் நானே போனேன். மதியம் வரை ஒயர் கல்லுப் போல. பிறகு கோடநாடு பக்கம் இருட்டிக்கொண்டு முதல் இடி. கேன்டீனில் டிவி ஒயரைப் பிடுங்கினார்கள். கேட்டில் ஃபோன் ஒயர். டெஸ்பாட்சில் டெம்பரரியாக இருக்கும் மல்லிகாக்கா ஸ்டூலைப் போட்டு ஏறி, கன்ட்ரோலரின் ஒயரைக் கழற்றி, நுனியைத் துணியால் சுற்றி வைத்தார். பழக்கப்பட்ட கை.

"ஏனுங்கக்கா, என்ன பண்றீங்க?"

"இடி இடிக்குதுங்களே மேடம். போன வருசம் இந்த ரூம்ல ஃபோன் பொட்டி எரிஞ்சு போச்சுங்க. எப்பவும் மழ நின்னதும் ஃபாசில் சார் வந்து மாட்டிருவாரு." ஸ்டூலிலிருந்து இறங்கி, "நான்தானுங்க யாருகிட்டயும் சொல்ல வேண்டாம்னு அவருகிட்ட கெஞ்சுனேன். டெம்பரரிங்க நானு. தப்புன்னு தெரிஞ்சா நிறுத்திப்போடுவாங்க."

ஸ்டூலில் நான் உட்கார்ந்துவிட்டேன். இந்த மலையில் எந்த வீட்டில் இடிக்கு ஒயர் பிடுங்காமல் இருக்கிறார்கள்? என் வீட்டிலும்தான். இந்த ஒயரை மட்டும் தொடாதீர்கள் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பெட்டி எரிந்திருக்கும். வெட்கம். தாங்க முடியாத வெட்கம்.

நனைந்துகொண்டே மேனேஜரிடம். வெளியில் அந்த ஒயரைப் போட்டது என் தப்பு, ஃபைபர்தான் போட வேண்டும், ஃபாசில் கழற்றவில்லை என்றேன்.

"அப்ப யாரு கழட்டுனது?"

"இடிச்சா யாருங்க சார் கழட்ட மாட்டாங்க?"

"நாளைக்கு ரெண்டு பக்கமும் ஆளு வேணுமுங்களே. அவர நீங்களே கூப்புடுங்க."

கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடி. கட் செய்துவிட்டார். மன்னிப்புக் கேட்டு மெசேஜ். பார்த்துவிட்டார், பதில் இல்லை. ஃபேக்டரிக்குத் திரும்பி மல்லிகாக்காவின் ஃபோனை வாங்கி அடித்தேன். உடனே எடுத்தார்.

"சொல்லுங்கக்கா. அங்க இடிக்குதா? ஒயரக் கழட்டிட்டீங்கல்ல? மழ நின்னதும் நீங்களே மாட்டிருங்க, மஞ்சக் கலரு பக்கத்து ஓட்டை. மேடம் கேட்டா நான் கழட்டுனதுன்னே இருக்கட்டும்."

பேசுவது நான் என்று சொல்ல வாய் வரவில்லை. அக்கா, அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.