வித்யா வரைந்த வளையம்

புதன்கிழமை, இரவு.

இங்கிலீஷ் தெரியாததால் கம்ப்யூட்டரில் படம் பார்த்துத்தான் அழுத்துவேன். கடிதத்துக்கான தபால் உறைப் படம் வருஷா வருஷம் இளைத்துக்கொண்டே வந்தது. முதலில் ஸ்டாம்ப் போயிற்று, பிறகு மடிப்பு. இன்று உறையே போய், நீல வளையம் ஒன்று நிற்கிறது.

சால்ட் லேக் கம்ப்யூட்டர் கம்பெனி ஆபீசிலிருந்து வீடு திரும்பிய பேத்தி வித்யாவிடம் அதைக் காட்டி, "எந்தக் கிறுக்குடி இதை வரைஞ்சுது? புள்ளி வைக்கத் தெரியாதவ போட்ட கோலமாட்டம் இருக்கு" என்றேன்.

"நான்தான் பாட்டி. ஆபீஸ்ல நான் போட்ட முதல் படம்." முகம் சுருங்கிவிட்டது.

"அதானே பார்த்தேன்! புள்ளியே இல்லாம கோலம் போட எத்தனை சாமர்த்தியம் வேணும்!"

அவள் சிரிக்கவில்லை. பாதித் தோசையோடு எழுந்துவிட்டாள்.

நாளைக்குப் பக்கத்து வீட்டு வங்காளி அண்ணியை, அவர்கள் பாஷையில் பௌதியை, கூப்பிட்டு, வித்யா காதில் விழும்படி, என் பேத்தி வரைந்தது என்று அந்த வளையத்தைக் காட்ட வேண்டும். கடிதத்தை எப்படித் திறப்பது என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம்.