சம்பந்தி வீட்டு சினிமாவும் காத்து வராத ஏசியும்

மே 4, ஞாயிறு

கத்திரி ஆரம்பம். காலையிலேயே குழாய்த் தண்ணீர் சுடுகிறது.

தி.நகர், சம்பந்தி வீடு. மாசத்தில் ஒரு ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவார்கள். போகாவிட்டால் அதற்கு ஒரு பேச்சு. என் பெண் ரேவதிக்கு ஏழாம் மாதம், அவளைப் பார்க்கவாவது போய்த்தானே ஆக வேண்டும். முகம் கொஞ்சம் ஊதியிருக்கிறது. கால் வீக்கம்.

சாப்பாடு முடிந்ததும் வழக்கம்போல் படம். சம்பந்திக்குப் பழைய கறுப்பு வெள்ளை காமெடி என்றால் உயிர். அதிலும் பணக்கார சம்பந்தி, ஏழை சம்பந்தி கதைதான் வேண்டும். சுவர் அகலத்துக்கு டிவி. இன்றைய படத்தில் மில் முதலாளி பெண் பார்க்க வருகிறார். பெண்ணின் அப்பா ஒண்டுக்குடித்தனம். பக்கத்து வீட்டு சோபா, எதிர்வீட்டு ரேடியோ, யாருடையதோ ஒரு கோட்டு, எல்லாம் இரவல். முதலாளி உட்காரும் முன் நாற்காலியைக் கைக்குட்டையால் துடைக்கிறார். சம்பந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"பாத்தியளா சம்பந்தி, எப்படித் தொடைக்கான்னு. இவனுவளுக்கெல்லாம் பணம் வந்தா புத்தி போயிரும்."

கல்யாணம் பேச சம்பந்தி எங்கள் வீட்டுக்கு வந்தபோது, பின்னாலேயே டிரைவர் மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினான். ஐயாவுக்கு முதுகு வலியாம். எங்கள் வீட்டிலும் நாற்காலி இருந்தது, முந்தின நாள்தான் கழுவிக் காயவைத்திருந்தேன். அவருக்கு அது ஞாபகமே இல்லை. எனக்கு இருக்கிறது.

என் வீட்டுக்காரரும் சிரித்தார். சம்பந்தி ஆரம்பித்த பிறகு ஆரம்பித்து, அவர் நிறுத்தும்போது நிறுத்தி. வடபழனி ஸ்டுடியோக்களில் லைட்மேனாகக் காலம் தள்ளிய மனுஷன். எங்கே சிரிக்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லியா தர வேண்டும்.

ஒன்று கவனித்தேன். இந்த மாதிரிப் படங்களில் வசனம் எல்லாம் பெண்ணைப் பெற்ற அப்பாவுக்குத்தான். அம்மா காபி டம்ளரோடு வருவாள், முந்தானையால் கண்ணைத் துடைப்பாள், உள்ளே போவாள். அவ்வளவுதான் அவள் பாகம்.

பாதிப் படத்தில் சம்பந்தியம்மா பலாச்சுளை எடுத்துக் கொடுத்தபடியே மெதுவாக ஆரம்பித்தார்.

"பிரசவத்த இங்கனயே வச்சுக்கிடலாம்னு நெனைக்கேன் மதினி. ஒங்க வீட்டுப் படி ரொம்பக் குத்தலா இருக்கு. வெயிலும் இப்படி அடிக்கு. இங்க லிஃப்ட் இருக்கு, ஏசி இருக்கு."

பலாச்சுளையைத் தட்டிலேயே வைத்தேன். தலைப்பிரசவம். வெள்ளிக்கிழமை வளைகாப்பு. முடிந்த கையோடு பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவதுதான் அவர்கள் பக்கமும் முறை, எங்கள் பக்கமும் முறை. "பாக்கலாம் சம்பந்தியம்மா" என்றேன். வேறு என்ன சொல்ல. ரேவதி போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அத்தை சொல்றாங்க இல்லம்மா, யோசிச்சுப் பாரு" என்றாள். இந்த வீட்டுக்குள் அவள் பேச்சே வேறு. கீது, வந்துகினு எல்லாம் வாசலோடு சரி.

படம் முடியும் நேரத்தில் சம்பந்தியின் ஜவுளிக்கடையிலிருந்து போன். கடைசி ரீலை அடுத்த வாரம் பார்க்கலாம் என்று சம்பந்தி எழுந்தார்.

மே 5, திங்கள்

மிஷினில் காலையிலிருந்து. முகூர்த்த சீசன், ஓரம் அடிக்கவும் ஃபால்ஸ் தைக்கவும் புடவை குவிந்து கிடக்கிறது. இடுப்பு விட்டுப்போகிறது.

முன்னெல்லாம் பாதி வேலை சம்பந்தி கடையிலிருந்துதான் வரும். அங்கே பில் போடும் இடத்தில்தான் ரேவதி உட்கார்ந்திருந்தாள், மாப்பிள்ளை பார்த்ததும் அங்கேதான். கல்யாணமானதும் எனக்கு வேலை அனுப்புவதைச் சம்பந்தி நிறுத்திவிட்டார். "நம்ம சம்பந்தியம்மா நம்ம கடைக்கே ஓரம் அடிக்கான்னு நாலு பேரு சொன்னா நல்லாருக்காது" என்றார். மரியாதையாம். இப்போது பாண்டி பஜாரில் வேறு கடைகளுக்கு நடக்கிறேன். அந்தக் கடைக்காரர்கள் பார்த்தால் மரியாதைக் குறைவு இல்லையாம்.

பிரசவ விஷயத்தைச் சாப்பிடும்போது இவரிடம் சொன்னேன். சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"ஏசி இல்லன்றது தான பிரச்சன? ஏசி கீதுன்னு காமிச்சிட்டா வாய மூடிக்குவாங்க."

"எங்கேந்து வரும்?"

"அத்த நான் பாத்துக்கறேன். நீ மூஞ்ச தூக்கினு இருக்காத."

இவர் பாத்துக்கறேன் என்றாலே எனக்குப் பயம்.

வாங்க வேண்டியது: கண்ணாடி வளையல் (பச்சை, சிவப்பு. கறுப்பு வேண்டாம்). சந்தனம். வெற்றிலை. புளி. எலுமிச்சை. தேங்காய். புளிப்பு மாங்காய், ரேவதிக்கு. இடுப்புக்குத் தைலம்.

மே 6, செவ்வாய்

ஏசி வந்துவிட்டது.

ஷூட்டிங்குக்கு சோபா, கட்டில், டெலிபோன் எல்லாம் வாடகைக்கு விடும் கடை வடபழனியில் ஒன்று உண்டு. கடைக்காரர் இவருக்குப் பழக்கம். அங்கிருந்து ஆட்டோவில் கொண்டுவந்து, இவரே ஸ்டூல் போட்டு மாட்டினார். எடுத்துக் கொடுக்கச் சொன்னார். ஒரு கையால் தூக்கிவிட்டேன். அப்போதே சந்தேகம்.

"ஒயர் எங்க?"

"ஒயரு இன்னாத்துக்கு? இது ப்ராபர்ட்டி."

உள்ளே ஒன்றும் இல்லை. வெறும் கூடு. படத்தில் சுவரில் தெரிவதற்காகச் செய்தது.

"அப்போ காத்து வராதா?"

"காத்து வராது. பச்ச லைட்டு எரியும். பேட்டரி போட்டுகீறேன்."

திட்ட வாயெடுத்தேன், சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் அலுப்பு. ஞாயிற்றுக்கிழமை படத்தில் அந்த அப்பன் செய்ததற்கு அத்தனை சிரிப்பு சிரித்துவிட்டு வந்து அதையே செய்கிறாரே. கேட்டதற்கு, "அவன் இன்னாத்துக்கு மாட்டிக்கினான்? எரவல் ரேடியோவ பாட வச்சான், ரேடியோக்காரன் கேட்டுனு வந்துட்டான். நாம அந்தத் தப்ப பண்ணமாட்டோம்" என்கிறார்.

சாயங்காலம் சம்பந்தியம்மா போன். நாளைக்குக் கபாலி கோயிலுக்கு வருகிறாராம், அப்படியே வீட்டுக்கும் எட்டிப் பார்க்கிறாராம். இவர் உடனே ஜன்னலுக்குப் புதுத் திரை மாட்டினார். நான் ரவா லட்டு பிடித்தேன்.

மே 7, புதன்

அனல். மாட வீதியில் செருப்புக்குள் சுடுகிறது.

சம்பந்தியம்மா தனியாக வந்தார். மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்கினார். நான் கை கொடுத்தேன்.

அறையில் ஜன்னல் எல்லாம் மூடி, ஃபேனும் நிறுத்தி. ஏசி ஓடும்போது ஃபேன் போட்டால் சந்தேகம் வருமாம். மூன்று பேரும் அந்தப் பச்சை விளக்குக்குக் கீழே உட்கார்ந்திருந்தோம். வேர்வை முதுகில் வழிந்து இடுப்பில் இறங்குகிறது. இவர் சட்டை உடம்போடு ஒட்டிவிட்டது.

"வோல்டேஜ் கம்மி சம்பந்தியம்மா. இன்னும் கொஞ்ச நேரத்துல சில்லுன்னு ஆயிடும்."

"பரவால்ல அண்ணன்."

சம்பந்தியம்மா முந்தானையால் கழுத்தைத் துடைத்தார். ஏசியை ஒரு பார்வை, இவரை ஒரு பார்வை. இவர் சோடா வாங்கி வருவதாகக் கீழே ஓடினார். அவர் போனதும் அந்த அம்மாள் எழுந்து தானே ஜன்னலைத் திறந்தார், ஃபேனைப் போட்டார், என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். செத்தேன் என்று நினைத்தேன். ஏசியைப் பற்றி அவர் பேசவே இல்லை.

"மதினி, அண்ணனப் பாக்கப் பாவமா இருக்கு. ஒண்ணு சொல்லுதேன், மனசுல வச்சுக்கிடாதிய. இங்க வேண்டாம்னு நானாச் சொல்லல. ரேவதிதான் சொல்லச் சொன்னா."

எனக்குப் புரியவில்லை.

"நீங்க சொல்ற மாதிரி சொல்லுங்க அத்தை, எங்கம்மா மூஞ்சியப் பாத்து என்னால சொல்ல முடியாதுன்னு அழுதா. படி பயமா இருக்காம். கக்கூஸ் கீழ இருக்கு, ராத்திரியில எத்தன தடவ எறங்குததுங்கா. நான் பொல்லாதவள்னு பேர் எடுத்துட்டுப் போறேன்னுதான் இருந்தேன். நீங்க இவ்வளவு பாடு படுவியன்னு தெரியாமப் போச்சு."

காபி போட்டு எடுத்து வருகிறேன் என்று எழுந்து போனேன். அடுப்படியில் நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு டம்ளரோடு வந்தேன். படத்தில் வருகிறவள் மாதிரியே.

மே 8, வியாழன்

வேலை ஓடவில்லை. ஒரு புடவைக்கு ஃபால்ஸைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டேன். பிரித்தேன்.

இந்தப் படியில்தான் பாவாடையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு ஓடினாள். இந்தக் கக்கூஸுக்குத்தான் பக்கெட்டோடு வரிசையில் நின்றாள். இப்போது பயமாம். பயம்தானா, இல்லை வெட்கமா? பயம் என்றால் பரவாயில்லை. வெட்கம் என்றால் எனக்குத் தாங்காது. மாமியாரிடம் அழத் தெரிந்தவளுக்கு என்னிடம் ஒரு வார்த்தை சொல்ல வரவில்லை.

அவள் சொல்வதில் தப்பும் இல்லை. ஏழு மாச வயிற்றோடு அந்தப் படியில் அவளை இறக்க எனக்கே மனசு வராது. அதுதான் இன்னும் கோபம்.

நாளைக்குச் சபையில் வைத்து முறைப்படி கூப்பிட்டால் அவளால் மாட்டேன் என்று சொல்ல முடியாது. அவர்களாலும் முடியாது. நாலு பேர் முன்னால் முறை என் பக்கம். வந்துதான் ஆக வேண்டும்.

இவரிடம் இன்னும் சொல்லவில்லை. ஈரத்துணி வைத்து ஏசியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். நாளைக்குப் பெண்ணை அழைத்து வரக் கார் சொல்லிவிட்டாராம்.

மே 9, வெள்ளி

வளைகாப்பு நல்லபடியாக முடிந்தது. புளிசாதம், எலுமிச்சை, தேங்காய், மாங்காய், தயிர் எல்லாம் நானே செய்து தூக்கு தூக்காகச் சம்பந்தி வீட்டுக்குக் கொண்டு போனேன். மாங்காய் சாதத்தைத்தான் ரேவதி இரண்டாம் முறை கேட்டாள்.

கன்னத்தில் சந்தனம், தலை கொள்ளாத பூ. நான் வளையல் போடும்போது கை ஜில்லென்று இருந்தது. என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரியாது.

சம்பந்தியின் அக்கா ஒருத்தி, பெரிய குரல்.

"பொண்ண எப்பம் கூட்டிட்டுப் போறிய? பத்தரைக்கு ராகு காலம். அதுக்குள்ள கெளம்பணும்லா."

கூடம் முழுக்க என்னைப் பார்த்தது. இவர் கார் சாவியை வைத்திருக்கிற டிரைவரைத் தேடி வாசலைப் பார்க்கிறார். ரேவதி வளையலை உருட்டிக்கொண்டிருந்தாள், உதடு வெளுத்துவிட்டது. சம்பந்தியம்மா என்னைப் பார்த்தார், வாயைத் திறந்தார். அத்தனை பேர் முன்னால் பொல்லாதவளாகத் தயாராகிவிட்டார்.

நான் முந்திக்கொண்டேன்.

"இப்ப எனக்குத் தோதுப்படாது. இடுப்பு வலி, படி ஏறி இறங்க முடியல. சீசன் வேலை வேற தலைக்கு மேல கெடக்கு. இங்கயே இருக்கட்டும். நான் வந்து வந்து பாத்துக்கறேன்."

அப்புறம் பின்னாலிருந்து மெதுவாக, "பெத்தவளே இப்படிச் சொல்லுதா பாரேன்." இன்னொரு குரல், "தையல் வேலதான் பெருசாப் போச்சு." காதில் விழ வேண்டும் என்றே பேசினார்கள். விழுந்தது.

"அதுக்கென்ன சம்பந்தியம்மா, நம்ம வீடு எதுக்கு இருக்கு" என்றார் சம்பந்தி. ரொம்பப் பெரிய மனசு. எல்லோரும் அவரைப் பார்த்துத் தலையாட்டினார்கள். சம்பந்தியம்மா தாம்பூலம் கொடுக்கிற சாக்கில் என் விரலை அழுத்திப் பிடித்தார். ரேவதி அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

கார் காலியாக வந்தது. பின் சீட்டில் தூக்குப் பாத்திரங்கள்.

மே 10, சனி

இவர் காலையில் ஏசியைக் கழற்றி, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வடபழனிக்குப் போனார். சுவரில் ஆணி அடித்த ஓட்டை இருக்கிறது. வீட்டு ஓனர் பார்த்தால் கத்துவார்.

மதியம் வந்து சாப்பிட உட்கார்ந்தார். தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நான் இன்னாத்துக்கு அத மாட்னேன்? யாருக்காக மாட்னேன்? நீ பாட்டுக்கு வேணாம்னுட்ட."

சொல்லிவிட்டேன். ரேவதி சொன்னது, சம்பந்தியம்மா சொன்னது, எல்லாம். சாதம் காய்ந்துகொண்டிருந்தது.

"அந்தப் படில நானே ரெண்டு வாட்டி வழுக்கி வுழுந்துகீறேன்" என்றார். பிறகு மோர் கேட்டார்.

மே 11, ஞாயிறு

புழுக்கம். மேகம் வந்து போய்விட்டது.

சம்பந்தி போன் செய்துவிட்டார், கடைசி ரீலுக்கு. போகக் கூடாது என்றுதான் இருந்தேன். வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று நானே சபையில் சொல்லியிருக்கிறேனே. போனோம்.

முதலாளி மனம் திருந்திக் கை கூப்புகிறார். எல்லோரும் வரிசையாக நின்று போட்டோ. பெண்ணின் அம்மா ஓரத்தில், அவள் முகம் பாதிதான் விழுகிறது. சம்பந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என்னமா முடிச்சிருக்கான் பாத்தியளா சம்பந்தி." இவர் சிரிக்கவும் இல்லை, தலையாட்டவும் இல்லை. "போட்டோ சீனுக்கு லைட்டிங் சரியில்ல" என்றார். சம்பந்தி அப்படியா என்று மறுபடி ஓடவிட்டுப் பார்த்தார்.

ரேவதி என் பக்கத்தில் உட்கார்ந்து என் மடியில் காலை நீட்டிக்கொண்டாள். நான் பிடித்துவிட்டேன். வெள்ளிக்கிழமை பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

கிளம்பும்போது லிஃப்ட் வரை வந்தாள். இவர் உள்ளே ஏறிவிட்டார். என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அம்மா, உன் பழைய காட்டன் புடவை ஏதாவது கிழிச்சி எடுத்துனு வாயேன். கொழந்தைக்கு. இந்த வீட்ல தேடித் தேடிப் பாத்தேன். எல்லாம் புதுசாவே கீதும்மா. மொரமொரன்னு."

அவ்வளவு பெரிய ஜவுளிக்கடை.

வந்ததும் பெட்டியைத் திறந்தேன். நீலப் பூப்போட்டது, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகியிருக்கிறது. சதுரம் சதுரமாகக் கிழித்து வைத்தேன். பழக்கதோஷம், கை மிஷினுக்குப் போனது. ஓரம் அடிக்கவில்லை. தையல் உறுத்தும்.