நான்காம் எண் பிரிசம்

சோடியம் விளக்கு சூடேறும்போது வரும் கருகல் வாடை உனக்கு நினைவிருக்கும். இன்று மதியம் அதே வாடையில், நாம் படித்த அதே ஆய்வகத்தில், நான்காம் எண் பிரிசத்தின் பெட்டியைத் திறந்தேன். இப்போது நான் இங்கே ஆசிரியை. உன் பதினாறாம் நாள் முந்தாநாள்தான் முடிந்தது.

பி.எஸ்சி. இயற்பியல் செய்முறையில் நாம் இருவரும் ஒரு செட்; நமக்கு நான்காம் எண் பிரிசம். தேவதானத்திலிருந்து பஸ் ஏறி வரும் நீ எனக்கு முன்பே வந்து நிற்பாய். பிரிசத்தில் ஒளி வளையும் கோணத்தை நீ கருவியின் தொலைநோக்கியில் பார்த்துச் சொல்ல, நான் எழுத வேண்டும். நீ சொன்னதை நான் எழுதியதே இல்லை. சீனியர் அக்காவின் ரெக்கார்டு நோட்டில் அந்தப் பிரிசக் கண்ணாடியின் ஒளிவிலகல் எண் 1.62. அந்த விடை வருமாறு பின்னாலிருந்து கணக்குப் போட்டுக் கோணங்களை நிரப்புவேன். வகுப்பே அப்படித்தான்.

"கைல இருக்க கண்ணாடியவே நம்ப மாட்டேங்குற. நட்சத்திரத்த எப்படிட்டி நம்புவ?" என்பாய்.

வானியல் தாள் என்றால் உனக்கு உயிர். மதுரையில் எம்.எஸ்சி. சேர ஆசைப்பட்டாய். ஒரு தாள் போனாலும் கல்யாணம்தான் என்று உன் அப்பா சொல்லியிருந்தார்.

செய்முறைத் தேர்வில் உனக்குச் சீட்டில் விழுந்தது அந்த நான்காம் எண். உன் விடை 1.52. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் என்னைக் கூப்பிட்டார்.

"வருஷம் பூரா இதே பிரிசத்துலதானம்மா செஞ்சீங்க? உனக்கு எவ்வளவு வந்துச்சு?"

"1.62 சார்."

நீ என்னைப் பார்த்தாய். பஸ் ஸ்டாண்டில் மட்டும், "ஏட்டி, நெசத்தச் சொல்லியிருக்கலாம்லா" என்றாய்.

விடை தப்பென்று உனக்கு அந்தச் செய்முறைத் தாள் போனது. ஆவணியில் உன்னைச் சுந்தரபாண்டியத்தில் கட்டிக்கொடுத்தார்கள். மறுபடி தேர்வெழுத யாரும் விடவில்லை. இப்போது காய்ச்சல் கண்டு நாலாம் நாள் போய்விட்டாய். துக்க வீட்டில் யாரோ, "படிப்பு ஏறலன்னுதான் சீக்கிரமே கட்டிக் குடுத்தாவ" என்றார்கள். அங்கேயும் நான் வாய் திறக்கவில்லை. உன் விடை தப்பு என்று நம்பித்தான் இத்தனை வருடம் என்னைத் தேற்றிக்கொண்டிருந்தேன்.

இன்று நானே கோணம் எடுத்தேன். மூன்று முறையும் 1.52. 1.62 வந்த பழைய பிரிசம் நாம் சேருமுன்பே என்றைக்கோ உடைந்து, யாரோ வேறு கண்ணாடியைப் பெட்டியில் வைத்திருக்க வேண்டும். எல்லோரும் 1.62 என்றே எழுதியதால் யாருக்கும் தெரியாமல் போயிற்று.

மேசையில் இந்த வருடப் பிள்ளைகளின் ரெக்கார்டு நோட்டுகள் இருந்தன. நான்காம் எண்ணில் செய்தவர்களுடையதைப் புரட்டினேன். எல்லாவற்றிலும் 1.62. ஒவ்வொன்றின் கீழும் என் கையெழுத்து.