கோதண்டம் சாருக்குப் புரையேறிய அன்று

இரும்புலியூர்,
ஆவணி, செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் சத்யப்ரியாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், அப்பாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைப் பார்த்தால் முரண்டு பிடிக்கிறது. அங்கே நீ சௌக்கியமா என்று கேட்கப்போவதில்லை, உன் சௌக்கியத்தின் லட்சணம் ஞாயிற்றுக்கிழமை வந்த மெசேஜிலேயே தெரிந்துவிட்டது. மாஸ்டர்ஸை இத்தோடு விட்டுவிட்டு வருகிறேன், ஐப்பசியில் டிக்கெட் போட்டுவிட்டேன், ஹேமநாத் வீட்டில் நேரில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன் என்று எழுதி, அழுகிற பொம்மை இரண்டு ஒட்டி அனுப்பியிருக்கிறாய். போனில் பேசினால் நீ அழுவாய், நான் கத்துவேன், அப்பா நடுவில் புகுந்து இரண்டு பேருக்கும் சரி சரி என்று தலையாட்டுவார், பேச்சு ஓர் இடத்திலும் போய்ச் சேராது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நம் காலனி ஜெரோம் வியாழக்கிழமை அடிலெய்டுக்குத் திரும்புகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். கூடவே பருப்புப் பொடியும் இரண்டு காட்டன் நைட்டியும் இருக்கின்றன. வடாமும் கட்டி வைத்திருந்தேன், அதை அவன் வேண்டாம் என்றுவிட்டான். அந்த ஊர் ஏர்போர்ட்டில் வடாமை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்ப்பார்களாம், இவனுக்குக் கூச்சமாக இருக்கிறதாம். இங்கே இருந்தவரை அதே வடாமை நம் மொட்டை மாடியில் காயும்போதே எடுத்துத் தின்றவன் அவன்.

மன்னிப்புக் கேட்கிறேன் என்கிறாயே, எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. அன்றைக்கு நடந்ததில் உனக்குப் பாதிதான் தெரியும். டிவி ஸ்டாண்டில் சாய்த்து வைத்த டேப்லெட் வழியாக நீ பார்த்தது நம் ஹாலில் ஒரு மூலையும் ஹேமநாத்தின் தாய்மாமன் குணாவின் தொப்பையும்தான். மீதியை நான் சொல்கிறேன். ஆனியில் ஹேமநாத் வீட்டார் பெருங்களத்தூரிலிருந்து உங்கள் கல்யாணத்தைப் பேசி முடிக்க வந்தார்கள், வந்ததும் தங்கள் புது அபார்ட்மென்டின் லிஃப்ட், ஜிம், நீச்சல் குளம் என்று ஒப்பிக்கத் தொடங்கினார்கள், அது முடிவதற்குள் முதல் தட்டு பஜ்ஜி காலி. குளத்தில் யாராவது நீந்துகிறார்களா என்று மரியாதைக்குக் கேட்டேன், இன்னும் தண்ணீரே விடவில்லையாம். பிறகு குணா உன் படிப்புக்கு வந்தார். பொண்ணு டாக்டருக்குப் படிக்குதா என்றார். இல்லை, பேச்சு வராதவர்களுக்கும் சாப்பாடு விழுங்க முடியாதவர்களுக்கும் சிகிச்சை கொடுக்கிற படிப்பு, அதில் மாஸ்டர்ஸ் செய்கிறாள் என்றேன். முழுங்குறதுக்கு ஒரு மாஸ்டர்ஸா, நான் கூடத்தான் பஜ்ஜி முழுங்குறேன், எனக்கு எந்த யுனிவர்சிட்டியில டிகிரி குடுப்பாங்க என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அந்த மனிதருக்கு டிகிரி கொடுக்கலாம், நான் கையெழுத்துப் போடுவேன், அடுத்த தட்டையும் அவர் ஒருவரே முடித்தார்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் காபி வந்தது. ஹேமநாத்தின் அப்பா கோதண்டம் சாரைத்தான் எனக்கு அந்தக் கூட்டத்திலேயே பிடித்திருந்தது, பேருந்து ஓட்டி ரிட்டயர் ஆனவர், அலட்டல் இல்லாதவர். போன வருடம் அவருக்கு லேசாக ஸ்ட்ரோக் வந்து, முடங்கிய கை சரியாகிவிட்டது, குரலில் மட்டும் தண்ணீர் கொதிப்பது போல ஒரு களகளப்பு இருந்தது. மனிதர் டம்ளரை உயரத் தூக்கி, அண்ணாந்து, வாயில் படாமல் ஊற்றிக்கொண்டார், உடனே புரையேறியது. அவர் சம்சாரம் தலையில் தட்டி, யாரோ நெனைக்கிறாங்க என்றாள். வேற யாரு, ஆஸ்திரேலியா மருமகதான் என்றார் குணா. எல்லோரும் சிரித்தார்கள், உன் அப்பாவும் சேர்ந்துகொண்டு சிரித்தார். கோதண்டம் சார் இன்னொரு வாய் குடித்தார், மறுபடி புரையேறியது, மறுபடி தட்டினார்கள், மறுபடி அதே ஜோக். மனிதருக்குக் கண் சிவந்து தண்ணீர் வழிகிறது, இவர்கள் கல்யாணக் களையில் இருக்கிறார்கள். அப்போதுதான் நீ டேப்லெட்டிலிருந்து கூப்பிட்டாய். அங்கிள், தலையைத் தூக்காதீங்க, டம்ளர்ல வாய் வச்சு, தாடையை இறக்கி, கொஞ்சம் கொஞ்சமா குடிங்க என்றாய். ஆ என்று சொல்லச் சொல்லி அவர் குரலைக் கேட்டாய். சளியோட காய்ச்சல் அடிக்கடி வருதா என்று கேட்டாய், விழுங்குவதை டெஸ்ட் பண்ணிப் பாருங்கள் என்றாய். அவர் தலையாட்டிவிட்டு டம்ளரில் வாய் வைக்கப் போனார், அவர் சம்சாரம் டம்ளரைப் பிடுங்கிக் கீழே வைத்தாள். எச்சில் பண்ணிக் குடிக்கிற பழக்கம் எங்க வீட்ல கிடையாது என்றாள். பொண்ணு பார்க்க வந்தா, பொண்ணு நமக்குப் பேஷண்ட் பார்க்குது என்றார் குணா. வெற்றிலை பாக்கைக்கூடத் தொடாமல் எழுந்து போனார்கள். போன கையோடு சொல்லியனுப்பினார்கள், நாலு பேர் முன்னால் பெரியவரை நோயாளி ஆக்கிவிட்டாளாம், படிப்பு தலைக்கு ஏறிவிட்டதாம், அதை நிறுத்திவிட்டு மன்னிப்புக் கேட்டால் மேற்கொண்டு பேசலாமாம்.

ஹேமநாத் அந்த ஹாலில்தானே உட்கார்ந்திருந்தான், வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தான்? ஆபீஸ் மீட்டிங்கில் மணிக்கணக்காகப் பேசுகிற பையன், உன்னோடு மாதக்கணக்காகப் பேசிப் பழகிய பையன், தன் அப்பா மூச்சுக்குத் திணறும்போதும் பேசவில்லை, உன்னைக் குத்திக் காட்டும்போதும் பேசவில்லை. வீட்டுக்குப் போன பிறகு, நீ ஒரு சாரி சொல்லிட்டா முடிஞ்சிடும் என்று உனக்கு மெசேஜ் போட்டானாம். நீயும் அதைப் பெரிய சமாதானத் தூது மாதிரி எனக்குத் திருப்பி அனுப்பினாய். எனக்கு அவன் மேல் வந்த ஆத்திரத்தைவிட உன் மேல் வந்ததுதான் அதிகம்.

இனி எழுதப்போவது உனக்குத் தெரியாது. பரீட்சை நேரத்தில் சொல்ல வேண்டாம் என்று அப்பா தடுத்துவிட்டார், நானும் புத்தி கெட்டுப்போய்ச் சம்மதித்தேன். ஆடி பிறந்ததும் கல்யாணப் பேச்சு நின்றது, கோதண்டம் சாருக்குக் காய்ச்சல் ஆரம்பித்தது. சளி என்று கஷாயம் போட்டுக் கொடுத்தார்கள், அதையும் அண்ணாந்து ஊற்றித்தான் கொடுத்தார்கள். விட்டு விட்டுக் காய்ச்சல் வந்து, கடைசியில் மூச்சு வாங்கி, குரோம்பேட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். குடிக்கிறது கொஞ்சம் கொஞ்சமாக நுரையீரலுக்குள் போய் அங்கே நிமோனியா ஆகியிருக்கிறது என்று டாக்டர் சொல்லி, ஸ்பீச் தெரபிஸ்டை வரச் சொன்னாராம். குணா அவரோடு சண்டைக்குப் போயிருக்கிறார். நல்லாத்தானே பேசுறாரு, எதுக்கு ஸ்பீச் தெரபிஸ்ட், பில்லை ஏத்துறீங்களா என்று கேட்டாராம். உன் வயதுப் பெண் ஒருத்தி வந்து, தலையைத் தூக்காதீங்க, தாடையை இறக்குங்க என்று ஒரு வார்த்தை மாறாமல் நீ சொன்னதையே சொல்லியிருக்கிறாள். அவளிடம் கைகட்டி நின்று கேட்டார்களாம். அவள் கழுத்தில் ஆஸ்பத்திரி அட்டை தொங்கியது, அதனால் அது மருத்துவம். நீ டிவி ஸ்டாண்டிலிருந்து சொன்னாய், அதனால் திமிர்.

நாங்களும் பார்க்கப் போனோம். பொய் சொல்ல மாட்டேன், அவர் சம்சாரத்தின் முகம் எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தான் போனேன். ஜி.எஸ்.டி. ரோட்டில் இறங்கி, வெறுங்கையோடு போகக்கூடாது என்று ஆரஞ்சு பொறுக்கும்போது, அந்த மனிதர் ஜூஸ் குடிக்கலாமோ கூடாதோ என்று உன் ஞாபகம் வந்து, பழத்தை வைத்துவிட்டு ஒரு நல்ல துண்டு வாங்கிக்கொண்டேன். உள்ளே போய் மூக்கில் குழாயோடு அவரைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. பாவம் சத்யா, பாதி உடம்பாகிவிட்டார். அவர் சம்சாரம் என் கண்ணைப் பார்க்காமல், என்னவோ நேரம் சரியில்லை என்றாள். அவள் பிடுங்கி வைத்த டம்ளருக்கு நேரம் என்ன செய்யும் என்று நாக்கு நுனி வரை வந்தது, அவருக்காக அடக்கிக்கொண்டேன். ஹேமநாத் இதில் ஏதாவது ஒன்றை உன்னிடம் சொன்னானா? சொல்லியிருக்க மாட்டான். நீ சொன்னது சரி என்று அவனுக்குத் தெரியும், தெரிந்துகொண்டே உன்னிடம் சாரி கேட்டு வாங்கப் பார்க்கிறான்.

அம்மா மனசு மாறிட்டாங்க, நீ வந்தா போதும் என்று அவன் உருகினதாக எழுதியிருக்கிறாயே, அந்த மனசு எப்படி மாறியது என்றும் கேள். அவரை வீட்டுக்கு அழைத்து வந்த அடுத்த வாரம், ஹேமநாத்தின் அம்மாவும் குணாவும் பழம், பூ, வெற்றிலைத் தட்டோடு நம் வீட்டுக்கு வந்தார்கள். நடந்ததை மறந்துடுவோம் என்றாள், மறப்பதற்கு நாங்கள் ஏதோ செய்துவிட்டது போல. பிறகு விஷயம் வெளியே வந்தது. அவருக்குத் தினமும் பக்கத்தில் இருந்து கவனிக்க ஆள் வேண்டுமாம், வெளியாளை நம்ப முடியாதாம், சத்யாவுக்குத்தான் எல்லாம் தெரியுமே, இன்னும் ஒரு வருஷம் எதுக்கு, படிச்சது போதும், தை பிறந்ததும் முடிச்சுடலாம் என்றாள். வீட்லயே பேஷண்ட் இருக்கும்போது வெளியூர்ல போய் எதுக்குப் படிக்கணும் என்று குணா எடுத்துக்கொடுத்தார். ஆனியில் தலைக்கு ஏறின படிப்பு ஆவணியில் வீட்டு உபயோகப் பொருள் ஆகிவிட்டது, சம்பளம் தர வேண்டாம், சோறு போட்டால் போதும். உன் அப்பா இருக்கிறாரே, தட்டை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டிவிட்டார். நான் சட்டென்று காபி டம்ளரை அந்தக் கையில் வைத்தேன். என் பொண்ணு படிப்பை முடிக்காமல் வர மாட்டாள், தட்டை எடுத்துட்டுப் போங்க, பெரியவருக்கு ஏதாவது கேட்கணும்னா போன்ல கேளுங்க, காசில்லாமல் சொல்லுவாள் என்றேன். குணா எதையோ முணுமுணுத்துக்கொண்டே போனார், போகும்போது தட்டிலிருந்த ஆப்பிளில் ஒன்றை எடுத்துக் கடித்துக்கொண்டார்.

அது முடிந்த கதை என்று நினைத்தேன், உன் மெசேஜ் வந்து என்னை உலுக்கிவிட்டது. நேற்று காலையில் அதற்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கும்போது வாசலில் ஆட்டோ நின்றது. கோதண்டம் சார், தனியாக. வீட்டில் ஜோசியரிடம் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். தோளில் நான் கொடுத்த துண்டு. உட்கார்ந்ததும் காபி கேட்டார், பயந்துகொண்டே கொண்டுவந்து வைத்தேன். அவரே சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து, ஆஸ்பத்திரியில் கொடுத்த பொடியாம், காபியில் போட்டுக் கலக்கிக் கூழ் பதத்துக்குக் கொண்டுவந்தார். டம்ளரில் வாய் வைத்து, தாடையை நெஞ்சுப் பக்கம் இறக்கி, ஒவ்வொரு வாயாகக் குடித்தார். புரையேறவில்லை. நானும் அப்பாவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். குடித்து முடித்துவிட்டு அவர் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே எழுதுகிறேன். ஏம்மா, உன் பொண்ணு வருதாமே, பையன் சொன்னான், அத்த வர வேணாம்னு சொல்லு. வந்தா எங்க வூட்டுக்குள்ள எனக்குக் காபி கலக்கிகினு உக்காந்துகினு கெடக்கும், அதுக்கா அம்மாந்தூரம் போச்சு, முடிச்சிட்டு வரட்டும் என்றார். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிக்கொண்டு, அன்னிக்கு அத்தினி பேர் இருந்தாங்க, அல்லாரும் யாரு நெனைக்கிறாங்க யாரு நெனைக்கிறாங்கன்னு தலையில தட்டிகினே இருந்தாங்க, எனக்கு இன்னா ஆவுதுன்னு கேட்டது உன் பொண்ணு ஒண்ணுதாம்மா என்றார்.

அவர் போன பிறகு டம்ளரைக் கழுவ எடுத்தேன், விளிம்பில் அவர் வாய் பட்ட தடம் இருந்தது. வாழ்நாள் பூரா அண்ணாந்து குடித்த மனிதர் இந்த வயதில் பழக்கத்தை மாற்றிக்கொண்டிருக்கிறார். யாருடைய பேச்சைக் கேட்டு என்று யோசித்துக்கொள். அதற்கா நீ மன்னிப்புக் கேட்கப் போகிறாய்?

ஹேமநாத்தைப் பற்றி நான் முடிவு சொல்ல மாட்டேன், உனக்கு அவனைப் பிடித்திருக்கிறது என்று எனக்குத் தெரியும், அதனால்தான் இவ்வளவு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அவன் அப்பாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று ஒரே ஒரு கேள்வி அவனைக் கேள், அவன் என்ன பதில் சொல்கிறான் என்று பார், உனக்கே தெரிந்துவிடும். நேரத்துக்குச் சாப்பிடு. அந்த ஊர்க் குளிரில் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு பஸ் ஏறாதே. எல்லா நலமும் பெற்று, எடுத்த படிப்பை முடித்து, நன்றாக இரு கண்ணு, அம்மா அப்பா ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. தாம்பரம் ரிசர்வேஷன் கவுண்டரில் உட்கார்ந்து முப்பது வருடம் ஊர் உலகத்துக்கெல்லாம் டிக்கெட் ரத்து செய்து கொடுத்திருக்கிறேன், உன்னுடையதை என்னால் செய்ய முடியவில்லை. அதை நீயே இதைப் படித்த கையோடு ரத்து செய்துவிட்டு எனக்கு ஒரு வரி போடு, அழுகிற பொம்மை வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஜெயக்கொடி ராஜாராமன்