தானாக

தம்பிக்கு,

நீ எழுதிய ஊர் வரலாறு வந்தது. கடலோரத்தில் இருந்தும் நமக்குத் துடுப்புப் பிடிக்கத் தெரியாது, வீடுகள்கூடக் கடலுக்கு முதுகைக் காட்டி வயலைப் பார்த்தே நிற்கின்றன என்றெல்லாம் நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய்.

நாற்பதாம் பக்கம்தான் வயிற்றெரிச்சல். "மதகுப் பலகை தானாகப் பெயர்ந்து கடல்நீர் வயலில் புகுந்தது" என்று எழுத உனக்கு எப்படியடா மனசு வந்தது? கடல் ஏறுமுன் பலகையை இறக்கும் முறை அன்று யாருடையது? நீ சீட்டாடிக்கொண்டிருந்தாய்.

"உன் தம்பி மறந்திருப்பான், நான் போய் இறக்கிட்டு வந்துடறேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் பாதிச் சோற்றில் எழுந்து போனார் என் வீட்டுக்காரர், உன் மாமா. மூன்றாம் நாள்தான் அவரைத் தூக்கி வந்தார்கள். உன் புத்தகத்தில் அவருக்கு ஒரு வரிகூட இல்லை.

கேட்டவர்களிடமெல்லாம் "பலகை தானா பேந்துடுச்சு" என்று முதலில் சொன்னவள் நான். ஊர் உன்னைக் கிழித்துப் போட்டுவிடுமே என்று சொன்ன பொய் அது. பதினோரு வருஷமாக அதை நான் மென்று விழுங்குகிறேன். நீ அதை அச்சிலேயே ஏற்றிவிட்டாய்.

ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டத்தில் வாசிக்கப் போகிறாயாம். நான் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருப்பேன். அந்த வரி வந்ததும் தலையைக் குனியாதே. என் முகத்தைப் பார்த்து வாசி.

உன் அக்கா